சாலியேரிக்கு மேடை இழைத்தது என்ன?

1791 அக்டோபர் 13, மாலை ஆறு மணி. மோட்சார்ட் வண்டி எடுத்துக்கொண்டு போய் இசையமைப்பாளர் அந்தோனியோ சாலியேரியையும் பாடகி கத்தரீனா கவலியேரியையும் ஏற்றிக்கொள்கிறார். வியன்னாவின் புறநகர் அரங்கு ஒன்றில் மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஆப்பரா நடந்துகொண்டிருக்கிறது. தனி இருக்கைமாடத்தில் இருவரையும் உட்கார வைக்கிறார். மறுநாள், பாடன் ஊரில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த மனைவி கான்ஸ்டான்ஸாவுக்கு அதைப் பற்றிப் பூரிப்போடு எழுதுகிறார்: சாலியேரி மிகக் கவனமாகக் கேட்டாராம். தொடக்க இசையிலிருந்து கடைசிக் கோரஸ் வரை அவர் வாயிலிருந்து ‘பிராவோ’வோ ‘பெல்லோ’வோ வராத பாட்டு ஒன்றுகூட இல்லையாம். மாபெரும் விழாவில் மாமன்னர் முன்னால் நடத்தத் தகுந்த ஆப்பரா என்று இருவரும் சொன்னார்களாம்.

மோட்சார்ட் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்திருக்கும் கடைசிக் கடிதம் இதுதான். அதன் பின் இரண்டு மாதம்கூட அவர் உயிரோடு இல்லை. டிசம்பர் 5 அதிகாலை, 35 வயதில் இறந்துபோனார்.

அந்த இருக்கைமாடத்தில் உட்கார்ந்து ‘பிராவோ’ சொன்ன மனிதரைத்தான் உலகம் இன்று மோட்சார்ட்டைக் கொன்றவராக, குறைந்தபட்சம் கொல்லத் துடித்தவராக நினைவில் வைத்திருக்கிறது. வரலாற்று நூல் எதுவும் இந்தப் பெயரை அவருக்கு வாங்கித் தரவில்லை. வாங்கித் தந்தவை நாடகங்கள். முதலில் 1830-இல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் எழுதிய சிறு கவிதை நாடகம். அதன் பின் 1979-இல் பீட்டர் ஷாஃபர் எழுதிய ‘அமதேயுஸ்’. உண்மையில் வாழ்ந்த இசைக்கலைஞர்களை மேடையேற்றும்போது நாடகாசிரியர் வரலாற்றுக்கு எவ்வளவு கட்டுப்பட்டவர் என்ற விவாதம் எங்கே எழுந்தாலும் ‘அமதேயுஸ்’ பெயர் வந்துவிடுகிறது. ஆனால் அந்த நாடகத்தின் மேல் வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றம் ஒன்று, அது உண்மையில் செய்த பிழை வேறொன்று என்பது என் கருத்து.

வதந்தி எப்படி வளர்ந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மோட்சார்ட் இறந்த அதே மாதம் 31-ஆம் தேதி பெர்லினில் வெளியான ஓர் இசை வார இதழ், இறந்த பின் உடல் வீங்கியிருந்ததால் விஷம் வைக்கப்பட்டிருக்கலாம் என்று சிலர் நம்புவதாக ஒரு வரி எழுதியது. அதில் சாலியேரியின் பெயர் இல்லை. 1798-இல் வந்த நீமெட்ஷெக்கின் வாழ்க்கை வரலாற்றில், தனக்கு யாரோ விஷம் கொடுத்துவிட்டதாக மோட்சார்ட்டே நோயின் சோர்வில் மனைவியிடம் சொன்ன செய்தி வருகிறது. அங்கேயும் யார் என்று சொல்லப்படவில்லை. கான்ஸ்டான்ஸா பின்னாளில் சாலியேரியைக் குற்றவாளியாக நினைத்திருந்தால், தன் இளைய மகனை அவரிடம் இசை படிக்க அனுப்பியிருக்கமாட்டார். அனுப்பினார்.

சாலியேரியின் பெயர் ஒட்டிக்கொண்டது மோட்சார்ட் இறந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. 1823-இல் முதுமையாலும் நோயாலும் மனம் தளர்ந்து சாலியேரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் தன் கழுத்தை அறுத்துக்கொள்ள முயன்றதாகவும், மோட்சார்ட்டைத் தானே கொன்றதாகப் புலம்புவதாகவும் வியன்னா முழுக்கப் பேச்சு. காது கேளாத பேத்தோவனிடம் பேச வருபவர்கள் எழுதிக் காட்டும் உரையாடல் ஏடுகளில் இந்த வதந்தி பதிவாகியிருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்கே நேரில் போய்ப் பார்த்தவர் பியானோ கலைஞர் மோஷெலஸ். அவரிடம் சாலியேரி, அந்த அபத்தமான வதந்தியில் துளியும் உண்மையில்லை என்று சத்தியம் செய்து, உலகத்துக்கு இதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இரவும் பகலும் கூட இருந்து பார்த்துக்கொண்ட பணியாளர்கள் இருவர், அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதேயில்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். மோட்சார்ட்டுக்கு மருத்துவம் பார்த்தவர்களை நன்கு அறிந்திருந்த குல்டெனர் என்ற மருத்துவர், அந்தப் பருவத்தில் வியன்னாவில் பலரைப் பிடித்த காய்ச்சல்தான் மோட்சார்ட்டையும் கொண்டுபோனது என்று 1824-இல் விளக்கமாக எழுதினார். 2009-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அந்தக் குளிர்காலத்து வியன்னா இறப்புப் பதிவேட்டை அலசி, உடல் வீக்கத்தோடு இறந்த இளம் ஆண்களின் எண்ணிக்கை அப்போது கூடியிருந்ததைக் கண்டது. தொண்டைத் தொற்றில் தொடங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும் கிருமியாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. குல்டெனர் சொன்னதோடு அது ஒத்துப்போகிறது.

இவ்வளவும் இருந்தும் புஷ்கினுக்குக் கதை தேவைப்பட்டது. சாலியேரி இறந்து ஐந்தே ஆண்டு. ‘மோட்சார்ட்டும் சாலியேரியும்’ என்ற நாடகத்தில் சாலியேரி கோப்பையில் விஷம் கலக்குகிறார், மோட்சார்ட் குடிக்கிறார். மேதையும் கொடுஞ்செயலும் ஓரிடத்தில் சேருமா என்ற கேள்வி சாலியேரியின் மண்டைக்குள் குடைய, திரை விழுகிறது. பொறாமை என்ற உணர்ச்சியை இவ்வளவு குறைந்த வரிகளில் இவ்வளவு ஆழமாகத் தொட்ட எழுத்து அரிது. ரிம்ஸ்கி கோர்சகோவ் அதை அப்படியே ஆப்பராவாக்கினார். 1898-இல் மாஸ்கோவில் ஷாலியாபின் சாலியேரியாகப் பாடினார். எழுதப்பட்டது எவ்வளவு நன்றாக இருந்ததோ, அந்த அளவுக்குச் சாலியேரிக்குக் கேடு. மோசமாக எழுதியிருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

ஷாஃபரின் நாடகம் 1979 நவம்பர் 2 அன்று லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறியது. பீட்டர் ஹால் இயக்கம். பால் ஸ்கோஃபீல்ட் சாலியேரி, சைமன் காலோ மோட்சார்ட். அடுத்த ஆண்டு நியூயார்க் பிராட்வேயில் இயன் மெக்கெலன் சாலியேரியாக நடித்தார், ஆயிரம் காட்சிகளைத் தாண்டி ஓடியது. 1984-இல் மிலோஷ் ஃபோர்மன் திரைப்படமாக்கினார், எட்டு ஆஸ்கார் கிடைத்தது. பெரும்பாலோர் பார்த்திருப்பது படத்தைத்தான். நாடகத்தின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் பாதி படத்துக்குரியவை. மரணப்படுக்கையில் மோட்சார்ட் சொல்லச் சொல்லச் சாலியேரி ரெக்குவியத்தை, அதாவது இறந்தோருக்கான வழிபாட்டு இசையை, எழுதிக்கொள்ளும் புகழ்பெற்ற காட்சி படத்தில் மட்டுமே உண்டு. கற்பு நோன்பு காக்கும் திருமணமாகாத சாலியேரியும் படத்துக்கே உரியவர். நாடகத்துச் சாலியேரிக்கு மனைவி இருக்கிறார். உண்மையான சாலியேரி 1775-இல் திருமணம் செய்து எட்டுக் குழந்தைகளுக்குத் தந்தையானவர்.

நாடகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், விஷக் கதையில் ஷாஃபர் பலரும் நினைப்பதைவிட நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறார். கதை நடப்பது 1823 நவம்பரில். தள்ளாத சாலியேரி சக்கர நாற்காலியிலிருந்து நம்மைப் பார்த்துப் பேசுகிறார். நாம் காண்பதெல்லாம் அவருடைய நினைவு. கடைசியில் தெரியவருவது என்னவென்றால், அவர் விஷம் கொடுக்கவில்லை. மோட்சார்ட்டின் பெயர் உள்ளவரை தன் பெயரும் கொலைகாரனாகவாவது நிலைக்கட்டும் என்று பொய் வாக்குமூலம் எழுதி வைத்துவிட்டுக் கழுத்தை அறுத்துக்கொள்கிறார். பிழைத்துவிடுகிறார். பேத்தோவனின் உரையாடல் ஏட்டு வரிகளே மேடையில் வாசிக்கப்படுகின்றன. அவருடைய வாக்குமூலத்தை நம்ப ஆளில்லை. வதந்தியையே நாடகத்தின் பொருளாக்கியது அருமையான உத்தி. வரலாற்றுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் இடைவெளிக்குள் கற்பனையை நுழைப்பது நாடகாசிரியரின் உரிமை, அதை ஷாஃபர் முறையாகவே பயன்படுத்தினார்.

வாய் கூசாமல் பேசும் மோட்சார்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் நாடகம் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான இசை எழுதியவர் இப்படிக் கொச்சையாகப் பேசியிருக்க முடியாது என்று இயக்குநர் ஹாலிடம் கண்டித்தாராம். கடிதங்களில் இருக்கிறதே என்று ஹால் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. ஹால் கடிதத் தொகுப்பை அனுப்பிவைத்தார். இந்த விஷயத்தில் சான்று முழுக்க ஷாஃபர் பக்கம். அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று வீட்டுக்குள் பேசும் கேலி போல, ஆக்ஸ்பர்க்கில் இருந்த தன் சித்தப்பா மகளுக்கு 1777 முதல் மோட்சார்ட் எழுதிய கடிதங்கள் மலஜலக் கேலியும் சொல் விளையாட்டுமாக நிரம்பி வழிகின்றன. நண்பர்கள் கூடிப் பாட, அச்சில் ஏற்ற முடியாத வரிகளுக்குக் கேனன், அதாவது ஒருவர் பின் ஒருவராகத் தொடர்ந்து பாடும் பாட்டு, எழுதினார். மோட்சார்ட்டை இளவயதில் அறிந்த கரோலீனே பிக்லர், அவர் அற்புதமாக வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து மேசை நாற்காலி மேலெல்லாம் தாவி, பூனைபோல் மியாவ் என்று கத்தியதாக நினைவுகூர்ந்திருக்கிறார். மேடையில் மோட்சார்ட் குதிப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் சுளிப்பது வரலாற்றைப் பார்த்துத்தான்.

சிறு பிழைகளை விரைவாகக் கடந்துவிடலாம். கொட்டும் மழையில் பிச்சைக்காரர் குழியில் உடலைத் தள்ளினார்கள் என்பது படம் பரப்பிய சித்திரம். அடக்கத்துக்கு ஆன செலவு 8 ஃப்ளோரின் 56 க்ரொய்ட்சர், வண்டிக்கு மேலும் 3 ஃப்ளோரின். இரண்டாம் யோசேப் பேரரசர் கொண்டுவந்த விதிகளின்படி, நடுத்தர வர்க்கத்தார் பலரும் அன்று அப்படித்தான் புதைக்கப்பட்டார்கள். பெயர்க்கல் இல்லாததால் இடம் தெரியாமல் போயிற்று. நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ள அரசவைக்காரர் ட்சின்ட்சென்டோர்ஃப், அந்த நாட்களில் வானிலை மிதமாகவும் பனிமூட்டமாகவும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். ரெக்குவியத்தை எழுதச் சொல்லி ஆளனுப்பியவர் வால்செக் என்ற பிரபு. 1791 பிப்ரவரியில் இறந்த தன் இளம் மனைவி நினைவாக, தானே எழுதியதுபோல் நடத்தத் திட்டமிட்டிருந்தார், 1793 டிசம்பரில் நடத்தவும் செய்தார். லண்டன் மேடையில் ரெக்குவியம் கேட்டு மர்ம மனிதராக வந்தவர் சாலியேரியின் வேலைக்காரர். நியூயார்க் வடிவத்தில் சாலியேரியே அங்கியும் முகமூடியும் அணிந்து வருகிறார். உண்மைக் கதையே விசித்திரமாக இருக்கும்போது அதை மாற்ற வேண்டிய தேவை நாடகத்துக்கு இருந்தது, ஏனென்றால் இரண்டு பேரும் கடைசியில் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இதை நான் பிழையாகக் கருதவில்லை.

ஃபான் ஸ்வீட்டனுக்கு நேர்ந்தது இன்னும் வருத்தம் தருகிறது. பாஹ், ஹெண்டல் இசையை மோட்சார்ட்டுக்கு அறிமுகம் செய்து, கடைசிவரை துணை நின்ற பிரபு அவர். நாடகத்தில் ‘மாயப் புல்லாங்குழ’லில் ஃப்ரீமேசன் என்ற சகோதர அமைப்பின் ரகசியங்கள் வெளியானதாகச் சினந்து, மோட்சார்ட்டைக் கைவிட்டுப் போகிறார். உண்மையில் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தவர் அவர். 1793 ஜனவரி 2 அன்று ரெக்குவியத்தை வியன்னாவில் நடத்தி வசூலைக் கான்ஸ்டான்ஸாவிடம் சேர்ப்பித்தவரும் அவரே. சாலியேரிக்காவது வாதாட இன்று ஆட்கள் உண்டு. ஸ்வீட்டனுக்காக யாரும் எழுந்து நிற்பதில்லை.

மோட்சார்ட்டின் வறுமைக்கும் நாடகம் ஒரே காரணத்தைத்தான் காட்டுகிறது, சாலியேரியின் சூழ்ச்சி. இருவருக்கும் உரசலே இல்லை என்று சொல்லமாட்டேன். பேரரசருக்குச் சாலியேரி ஒருவரைத் தவிர யாரும் கண்ணில் படுவதில்லை என்று 1781-இல் மோட்சார்ட் தந்தைக்கு எழுதினார். மோட்சார்ட்டின் ‘ஃபிகரோ’ ஆப்பராவைக் கவிழ்க்கச் சாலியேரி கூட்டம் வானத்தையும் பூமியையும் புரட்டுகிறது என்று 1786-இல் தந்தை லெயோபோல்ட் மகளுக்கு எழுதினார். அதே ஆண்டு பிப்ரவரி 7-இல் ஷோன்ப்ருன் அரண்மனையில் இருவரும் ஆளுக்கொரு குறுநாடக இசை எழுதி நடத்தியபோது மோட்சார்ட்டுக்குக் கிடைத்தது 50 டுகாட், சாலியேரிக்கு 100. ஆப்பரா அரங்கு என்பது அன்றும் இன்றும் போட்டிதான். ஆனால் 1788 முதல் மோட்சார்ட் கடன் கேட்டுக் கடிதம் எழுதியதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆஸ்திரியா துருக்கியோடு போரில் இறங்கியிருந்தது. கச்சேரிகளுக்குச் சந்தா கட்டும் பிரபுக்கள் பலர் வியன்னாவில் இல்லை. கான்ஸ்டான்ஸாவுக்கு அடுத்தடுத்துப் பிரசவம், நோய், பாடன் வெந்நீர்ச் சிகிச்சை. மோட்சார்ட்டுக்கும் கை தாராளம். அரண்மனையில் 1787 இறுதியில் கிடைத்த வேலைக்கு ஆண்டுச் சம்பளம் 800 ஃப்ளோரின். அவருக்கு முன் அங்கிருந்த இசையமைப்பாளர் க்ளுக் வாங்கியது 2000. போர், நோய், செலவு, சம்பளம் என்று நாலு காரணங்களை மேடையில் காட்டினால் நாடகம் நொண்டும், ஒரே மனிதனின் கெடுமதி போதும். வரலாற்று நாடகங்கள் எல்லாமே எங்கோ ஓரிடத்தில் இதைச் செய்கின்றன. பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

என்னால் கடந்துபோக முடியாதது வேறிடத்தில் இருக்கிறது. முதல் பாகத்தின் முடிவில் கான்ஸ்டான்ஸா, கணவனுக்கு வேலை கேட்டு, அவருடைய இசைத்தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து சாலியேரியிடம் கொடுக்கிறார். படி எடுத்தவை இல்லை, மூலங்களே. சாலியேரி பிரித்துப் பார்க்கிறார். ஓரிடத்தில்கூட அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. தலைக்குள் முழுதாக முடிந்த இசையை மோட்சார்ட் வெறுமனே இறக்கி எழுதியிருக்கிறார் என்று அவருக்குப் புரிகிறது. கடவுளே இவன் கையைப் பிடித்து எழுதுகிறார் என்று நடுங்கி விழுகிறார். எழுந்து கடவுளோடு போரை அறிவிக்கிறார். மேடையில் பார்க்கும் யாருக்கும் மயிர்க்கூச்செறியும். முழு நாடகமும் இந்த ஓர் அச்சில்தான் சுழல்கிறது.

அந்த அச்சு பொய். தலையில் முழு இசையும் ஒரே நொடியில் தோன்றிவிடும், பிறகு எழுதுவதுதான் பாக்கி என்று மோட்சார்ட்டே எழுதியதாக ஒரு கடிதம் 1815-இல் ரோக்லிட்ஸ் என்ற பத்திரிகையாசிரியர் வெளியிட்டார். அது புனையப்பட்டது என்பதை அந்த நூற்றாண்டிலேயே மோட்சார்ட் ஆய்வாளர் ஓட்டோ யான் காட்டிவிட்டார். என்றாலும் கடிதம் புத்தகம் புத்தகமாகப் பயணித்து, மேதை என்றால் இப்படித்தான் என்ற எண்ணத்தை ஊன்றிவிட்டது. மோட்சார்ட்டின் கையெழுத்தில் 300-க்கும் மேற்பட்ட முன்வரைவுகளும் குறிப்புகளும் இன்று கிடைக்கின்றன. பலவற்றைக் கான்ஸ்டான்ஸா பயனில்லை என்று அழித்துவிட்டார், அதற்குப் பின்னும் இவ்வளவு. எந்தத் தாளை அவர் எப்போது வாங்கினார் என்பதை நீர்க்குறி பார்த்து ஆலன் டைசன் ஆராய்ந்தபோது, ஒரே மூச்சில் எழுதியதாக நம்பப்பட்ட சில படைப்புகளை மோட்சார்ட் தொடங்கி, நிறுத்தி, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்து, மறுபடி எடுத்து முடித்திருக்கிறார் என்று தெரிந்தது.

மூத்த இசையமைப்பாளர் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிய, நான்கு தந்திக் கருவிகளுக்கான ஆறு நால்வர் இசைகளை எடுத்துக்கொள்வோம். 1782 இறுதியில் தொடங்கி 1785 ஜனவரியில்தான் முடித்தார். மூலத்தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன, அடித்த இடத்தின் பக்கத்திலேயே மாற்று எழுதப்பட்டிருக்கிறது, சில பகுதிகள் தொடங்கிய வேகத்தில் கைவிடப்பட்டிருக்கின்றன. 1785 செப்டம்பர் 1 தேதியிட்ட காணிக்கை உரையில் அவரே சொல்கிறார், இவை நீண்ட கடும் உழைப்பின் பலன் என்று. ஹைடனுக்கு முன் வைப்பதற்கு மோட்சார்ட்டே இரண்டு ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்! உழைத்துக் கிடைக்காதது அவனுக்கு உழைக்காமல் கிடைத்தது என்ற சாலியேரியின் புகார், உண்மையான மோட்சார்ட் முன் நிற்காது. இது தேதிப் பிழைபோல் தள்ளிவிடக்கூடிய பிழையில்லை. இசை எப்படி உருவாகிறது என்பதையே தவறாகச் சொல்வது. இசை படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, எனக்கு அடித்துத் திருத்தித்தான் வருகிறது, ஆகவே நான் அந்த ஜாதி இல்லை என்று முடிவுகட்டிவிடக்கூடும். விஷக் கோப்பையைவிட எனக்கு இது பெரிய தீங்காகப்படுகிறது.

இதன் மறுபக்கம் சாலியேரியை ‘சராசரிகளின் காவல் தெய்வம்’ ஆக்கியது. அதற்கென்றே ஒரு காட்சி: மோட்சார்ட்டை வரவேற்கச் சாலியேரி ஒரு மார்ச், அதாவது அணிவகுப்பு இசை, எழுதுகிறார். ஒருமுறை கேட்ட மோட்சார்ட் உட்கார்ந்து அதை அப்படியே வாசிக்கிறார், இது சரியாக அமையவில்லையே என்று விரல்போக்கில் மாற்றுகிறார், மாற்ற மாற்ற அது ‘ஃபிகரோ’வின் புகழ்பெற்ற பாட்டாக மலர்கிறது. அரங்கு சிரிக்கும், சாலியேரி வெந்துபோவார். ஆனால் அந்தச் சப்பையான மார்ச் சாலியேரி எழுதியதே இல்லை, இந்தக் காட்சிக்காகச் செய்தது. சாலியேரியின் இசையைக் கேட்கச் செய்யாமலே அவரைச் சராசரி என்று தீர்ப்பளிக்கிறது மேடை. உண்மையில் நடந்தது இதைவிட இனிமையானது. 1773-இல், 17 வயது மோட்சார்ட் வியன்னாவுக்கு வந்திருந்தபோது, சாலியேரியின் ‘வெனிஸ் சந்தை’ ஆப்பராவிலிருந்து ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு பியானோவுக்கு ஆறு வேறுபாடுகள் எழுதினார். பிடிக்காத மெட்டை யாரும் ஆறு விதமாக வாசித்துப் பார்க்கமாட்டார்கள்.

சாலியேரி எப்படிப்பட்டவர்? 1750-இல் இத்தாலியின் லெக்நாகோவில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். இசையமைப்பாளர் காஸ்மன் 1766-இல் அவரை வியன்னாவுக்கு அழைத்துவந்து தன் பிள்ளைபோல் வளர்த்தார். காஸ்மன் இறந்த பின் அவருடைய பெண்களுக்குச் சம்பளம் வாங்காமல் பாட்டுச் சொல்லித்தந்து பாடகிகளாக்கினார் சாலியேரி. மிலனின் லா ஸ்காலா அரங்கு 1778-இல் திறக்கப்பட்டது அவருடைய ஆப்பராவோடு. பாரிஸில் 1787-இல் அவருடைய ‘தரார்’ ஆப்பரா பெருவெற்றி பெற்றது. பேத்தோவன் தன் முதல் மூன்று வயலின் சொனாட்டாக்களை அவருக்குக் காணிக்கையாக்கினார். ஷூபர்ட், சிறுவன் லிஸ்ட், ரெக்குவியத்தை முடித்துக்கொடுத்த ஸூஸ்மையர் எல்லாரும் அவருடைய மாணவர்கள். 1791 ஏப்ரலில், இசைக்கலைஞர்களின் விதவைகள், அநாதைகளுக்கு நிதி திரட்டும் கச்சேரியில் மோட்சார்ட்டின் சிம்பொனி ஒன்றை நடத்தியதும் சாலியேரிதான். மோட்சார்ட்டின் உயரம் அவருக்கு இல்லை என்பது உண்மை. அந்த உயரம் அன்று யாருக்கு இருந்தது, ஹைடனைத் தவிர?

இவ்வளவு சொன்ன பிறகும் ‘அமதேயுஸ்’ஸில் ஓரிடத்தை நான் எந்த வரலாற்றுத் திருத்தத்துக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். பிரபு குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் நூலகத்தில் உயர்ந்த முதுகுச் சாய்வு நாற்காலியில் சாலியேரி மறைந்தாற்போல் உட்கார்ந்திருக்கிறார். மோட்சார்ட்டும் கான்ஸ்டான்ஸாவும் தரையில் தவழ்ந்து பூனை எலி விளையாட்டு விளையாடி, கேட்கக் கூசும்படி பேசுகிறார்கள். அடுத்த அறையில் கச்சேரி தொடங்குகிறது. பதின்மூன்று கருவிகளுக்கான செரனேடின் மெதுவான பகுதி. கீழே பசூன்களும் கொம்புகளும் தயங்கித் தயங்கி ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. அதன் மேல் எங்கிருந்தோ ஓபோ ஒற்றைச் சுரத்தைப் பிடித்து அசையாமல் நிற்கிறது. மூச்சு முடியும் தறுவாயில் கிளாரினெட் அதை வாங்கிக்கொண்டு இனிமையாக வளைத்து இறக்குகிறது. இதைச் சாலியேரி நமக்குச் சொல்லிக்கொண்டே வர, அதே நேரத்தில் இசையும் ஒலிக்கிறது. சாலியேரி அதை அங்கே கேட்டார் என்பதற்குச் சான்றில்லை. 1784 மார்ச்சில் கிளாரினெட் கலைஞர் ஷ்டாட்லரின் கச்சேரியில் அதன் சில பகுதிகள் வாசிக்கப்பட்ட செய்திதான் உண்டு. ஆனால் இசையைப் பற்றி அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் சரி. ஓபோ நுழையும் இடம், அது நிற்கும் நீளம், கிளாரினெட் வாங்கும் கணம், எல்லாம் அந்த இசைத்தாளில் அப்படியே இருக்கின்றன. மேற்கத்திய இசை தெரியாத ஆயிரம் பேருக்கு அந்த மூன்று நிமிடத்தில் ஒரு படைப்பைக் கேட்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறது மேடை. இசைக்கலைஞரைப் பற்றிய நாடகத்தில் நான் முதலில் தேடும் துல்லியம் இதுதான். தேதி தவறலாம், இடம் தவறலாம், இசையைப் பற்றிச் சொல்வது தவறக்கூடாது. இந்தக் காட்சியில் தவறாத ஷாஃபர், இசைத்தாள் காட்சியில் தவறிவிட்டார். ஒரே நாடகம், அதே கை.

ஒலிப்பதிவு இருக்கும் காலத்துக்கு வரும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆப்பரா பாடகி மரியா காலஸ் 1971-72-இல் நியூயார்க் ஜூலியர்ட் இசைப்பள்ளியில் இளம் பாடகர்களுக்கு வகுப்பெடுத்தார். டெரன்ஸ் மெக்நாலி 1995-இல் அதை வைத்து ‘மாஸ்டர் கிளாஸ்’ நாடகத்தை எழுதினார். மேடைக் காலஸ் மாணவர்களைச் சொல்லால் கிழிக்கிறார், பாடம் நடுவே தன் காதலிலும் இழப்பிலும் மூழ்கிவிடுகிறார். அந்த வகுப்புகளின் ஒலிப்பதிவுகள் வெளியாகியிருக்கின்றன. அதில் கேட்கும் காலஸ் அடக்கமானவர், காரியத்தில் கண்ணானவர். மூச்சை எங்கே எடுக்க வேண்டும், எந்த எழுத்தில் அழுத்தம் விழ வேண்டும் என்பதை விட்டு அவர் அதிகம் விலகுவதில்லை. நாடகத்துக் காலஸ் நடிகைக்குப் பெரிய விருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடுவதைச் சொல்லிக்கொடுப்பது என்ற அந்த வேலை, ஒலிப்பதிவில் இருக்கும் அளவுக்கு மேடையில் இல்லை. மேதையின் காயத்தைக் காட்டும் ஆவலில் மேதையின் தொழில் பின்னால் போய்விடுகிறது. ‘அமதேயுஸ்’ சறுக்கிய அதே இடம்.

பார்வையாளர்களுக்குத் தெரியாதா, நாடகம் நாடகம்தானே என்று சிலர் கேட்பார்கள். மோட்சார்ட்டைப் பற்றி இன்னும் பத்து வழிகளில் தெரிந்துகொள்ளலாம், அவருக்கு இந்த வாதம் பொருந்தும். சாலியேரியைப் பற்றிப் பெரும்பாலோர் கேள்விப்படுவதே நாடகத்தின், படத்தின் வழியாகத்தான். மறுத்துச் சொல்ல வேறு நினைவு அங்கே இல்லை. புகழ் குறைந்தவரைக் கையிலெடுக்கும்போது நாடகாசிரியருக்குப் பொறுப்பு கூடுகிறது என்று நான் நினைப்பது இதனால்தான். அதே நாடகத்தின் புகழ்தான் சாலியேரியை மீட்டும் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். யார் இவர் என்று தேடிப்போனவர்களுக்கு இசைத்தாள்கள் கிடைத்தன. 2003-இல் பாடகி சேச்சிலியா பார்த்தொலி சாலியேரி பாட்டுகளை மட்டுமே கொண்டு ஒரு தொகுப்பு வெளியிட்டார். 2004 டிசம்பரில் லா ஸ்காலா புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது, ரிக்கார்தோ மூத்தி 1778-இன் அதே சாலியேரி ஆப்பராவை நடத்தினார்.

சான்றுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. உடல்நலம் குன்றிக் குரலிழந்த பாடகி நான்சி ஸ்டோராச்சே தேறி வந்ததைக் கொண்டாடி 1785-இல் வியன்னாவில் ஒரு சிறு பாட்டு அச்சானது. ஆப்பராக்களுக்கு வரிகள் எழுதும் தா பொந்தேயின் வரிகள், இசை மூன்று பேர், அதில் இருவர் மோட்சார்ட்டும் சாலியேரியும். தொலைந்துபோனதாகவே எல்லாரும் நினைத்திருந்தார்கள். பிராக் நகரின் இசை அருங்காட்சியகச் சேமிப்பில் அதன் படி ஒன்றை ஆய்வாளர் ஒருவர் கண்டெடுக்க, 2016 பிப்ரவரியில் அது வாசித்துக் காட்டப்பட்டது. மொத்தம் சில நிமிடங்களே வரும். பெரிய படைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். தோழிக்காக இருவரும் ஒரே தாளில் சேர்ந்து எழுதியது. அடுத்து ‘அமதேயுஸ்’ஸை மேடையேற்றும் குழு, மக்கள் வந்து அமரும் நேரத்தில் இதை ஒலிக்கவிட்டு, யார் எழுதியது என்று நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரி போட்டால், ஷாஃபரின் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.